மாஸ்டர் அனுப்பிய இரண்டு நறுக்குகள்

2020 ஆகஸ்ட் மாதம் எங்கள் ஆசிரியர் பீடத்துக்கு வந்த ஒரு பழுப்பு உறையை இன்னும் என் மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். அனுப்பியவர் வவுனியாவில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எங்கள் பொருளாதாரப் பக்கத்தில் இருந்து கத்தரித்த இரண்டு வரைபடங்களை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தார். அடிமட்டம் வைத்து ஒட்டியதுபோல இரண்டின் அடிக்கோடும் ஒரே நேரில் இருந்தது. கீழே சிவப்புப் பேனையால் ஒரு வரி: "தம்பி, ஒரு வருசத்துக்குள்ள நாங்கள் எப்பிடி இவ்வளவு உயர்ந்தம்?"

முதல் நறுக்கு 2019 ஜூலையில் வந்தது. இலங்கையின் தலா உற்பத்திக்கு ஒரு தூண், பக்கத்தில் "உயர் நடுத்தர வருமான நாடுகள்" என்று இன்னொரு தூண். எங்கள் தூண் மற்றதின் பாதி உயரத்துக்கும் வரவில்லை. இரண்டாவது 2020 ஜூலையில் வந்தது. அதே நிறம், அதே அகலம், எங்கள் தூண் நின்ற இடமும் அதேதான். பக்கத்தில் இருந்த தூணின் பெயர் மட்டும் "கீழ் நடுத்தர வருமான நாடுகள்" என்று மாறியிருந்தது. இந்தப் படத்தில் நாங்கள் மற்றவரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்து நின்றோம்.

இரண்டையும் வரைந்தவன் நான். இரண்டிலும் ஓர் எண்கூடப் பிழையில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பொய். ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு உல்லாசப் பயணிகள் வராமல் போய், அதன்மேல் கொரோனா வந்து, ஊரடங்கில் அன்றாடக் கூலிக்காரர் வீட்டில் அடுப்பெரியாமல் கிடந்த வருடத்தில், இலங்கை தலைநிமிர்ந்து நிற்பதுபோல ஒரு படத்தை நான் அச்சில் ஏற்றியிருந்தேன்.

அந்த உறை வந்த நாளில் இருந்துதான் ஒரு நாட்டின் உற்பத்தியை ஒரு வருமானக் குழுவின் உற்பத்தியோடு ஒப்பிடுவது எப்படிப்பட்ட வேலை என்று முறையாகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். அதற்கு முன் அந்த வேலையை இருபது வருடத்துக்கு மேல் செய்திருந்தேன்.

மாஸ்டருடைய கேள்விக்கு நேர் விடை இதுதான். உலக வங்கி ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதலாம் திகதி நாடுகளைக் குறைந்த வருமானம், கீழ் நடுத்தர வருமானம், உயர் நடுத்தர வருமானம், உயர் வருமானம் என்று நான்காகப் பிரித்து வெளியிடும். அளவுகோல், டொலரில் கணித்த தலா மொத்தத் தேசிய வருமானம். 2019 ஜூலையில் கீழ் நடுத்தரக் குழுவின் மேல் எல்லை 3,995 டொலர். இலங்கைக்கு அவர்கள் கணித்த தொகை 4,060. 65 டொலர் வித்தியாசத்தில் நாடு மேல் குழுவுக்குப் போனது. அடுத்த ஜூலையில் இலங்கையின் தொகை 4,020, எல்லை 4,045. நாங்கள் 40 டொலர் இறங்கினோம், எல்லை 50 டொலர் ஏறியது. நாடு திரும்பக் கீழ்க் குழுவுக்கு வந்தது.

ஆளுக்கு 40 டொலர் என்பது அன்றைய விலையில் ஏழாயிரம் ரூபாயைச் சுற்றி ஒரு தொகை. ஒரு வருடத்தில் ஒருவருக்கு அவ்வளவு குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் என் படத்தில் பக்கத்துத் தூண் மாறிவிட்டது. உயர் நடுத்தரக் குழுவின் மொத்த உற்பத்தியில் பாதிக்கு மேல் சீனாவினுடையது. கீழ் நடுத்தரக் குழுவில் ஆகப் பெரிய பங்கு இந்தியாவினுடையது. குழுவின் பெயரைப் போட்டு நான் உண்மையில் செய்தது, 2019இல் இலங்கையைச் சீனாவின் பக்கத்தில் நிறுத்தியது, 2020இல் இந்தியாவின் பக்கத்தில் நிறுத்தியது. மாஸ்டர் ஒட்டியனுப்பிய தாளில் தெரிந்த ஏற்றத்துக்குக் காரணம் அது.

தொலைபேசியில் அவருக்கு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப தம்பி, அந்தத் தூணுக்குள்ள ஆரார் இருக்கினம் எண்டு படத்துக்குக் கீழ ஏன் எழுதேல்ல?"

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது ஒப்புநோக்குநராக. 1990களின் நடுப்பகுதி. மத்திய வங்கியின் ஆண்டறிக்கை வந்ததும் அதன் பின்னிணைப்பில் இருக்கும் அட்டவணைகளைத் தமிழில் போட வேண்டும். ஒருவர் எண்ணை வாசிக்க, மற்றவர் அச்சுப்படியில் விரல் வைத்துக்கொண்டே வருவார். புள்ளி எங்கே, காற்புள்ளி எங்கே, மில்லியனா பில்லியனா என்று பார்ப்பதுதான் வேலை. மில்லியன் பில்லியனாகிவிட்டால் அடுத்த நாள் காலை தொலைபேசி ஓயாது. எண்களுக்குப் பயப்படவும் அவற்றை மதிக்கவும் அங்கேதான் பழகினேன்.

வெளிநாட்டு ஒப்பீடு வேண்டுமென்றால் நூலகத்துக்குப் போக வேண்டும். உலக வங்கியின் உலக அபிவிருத்தி அறிக்கை வருடத்துக்கு ஒன்று வரும். பின்பக்கங்கள் முழுக்க அட்டவணை. அந்த நாளில் நாடுகளை அகரவரிசையில் போடமாட்டார்கள். ஆக ஏழையான நாட்டில் தொடங்கி ஏறுவரிசையில் போவார்கள். இலங்கை அப்போது குறைந்த வருமான நாடுகள் பகுதிக்குள் இருந்தது. விரலை மேலிருந்து கீழே ஓட்டி எங்கள் பெயரைத் தேடும்போது எத்தனை பேரைத் தாண்டி வருகிறோம் என்பது கையிலேயே தெரியும். மேலே யார், கீழே யார் என்று பெயர் பெயராகத் தெரியும். கணினித் திரையில் நாட்டின் பெயரைத் தட்டி ஓர் எண்ணை மட்டும் எடுக்கும்போது அது தெரிவதில்லை.

அந்த அட்டவணைகளில் குறைந்த வருமான நாடுகளின் கூட்டுத்தொகைக்குக் கீழே இன்னொரு வரி இருக்கும்: சீனா, இந்தியா நீங்கலாக. அந்த வரியை எத்தனையோ தடவை தமிழில் எழுதியிருக்கிறேன், சரிபார்த்திருக்கிறேன். ஏன் அப்படி ஒரு வரி வேண்டும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. இரண்டு பெரிய நாடுகளும் உள்ளே இருந்தால் மற்ற நாடுகளின் கதை தெரியாது என்பதற்காக அந்தத் தலைமுறைப் புள்ளிவிபரக்காரர் கவனமாகப் போட்டு வைத்த வரி அது. அதன் அருமை மாஸ்டரின் உறை வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

2010 ஏப்ரலில் உலக வங்கி தன் தரவுகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. எங்களைப் போன்ற சிறிய பத்திரிகைகளுக்கு அது பெரிய வரம், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். நூலகத்தில் அரைநாள் இருந்து கையால் எழுதி எடுத்ததை ஐந்து நிமிடத்தில் எடுக்கலாம். இலங்கை என்று ஒரு கோடு, கீழ் நடுத்தர வருமானம் என்று ஒரு கோடு, இரண்டையும் அழுத்தினால் 1960களில் இருந்து இன்றுவரை படம் தயார். அதில் ஒரு குழு, ஒரு நாட்டைப் போலவே வரிசையில் வந்து நிற்கிறது. அதற்கும் ஒரு பெயர், ஒரு நிறம், ஒரு கோடு. பார்க்கிறவருக்கு அதுவும் ஒரு நாடு மாதிரித்தான் தோன்றும்.

குழு நாடல்ல. அதற்கு நிலையான எல்லை இல்லை. ஒவ்வொரு ஜூலையும் அதன் அங்கத்தவர் மாறுவர். மாறும்போது இன்றைய அங்கத்தவரை வைத்துக்கொண்டு பழைய வருடங்கள் எல்லாவற்றுக்கும் கூட்டுத்தொகையைத் திரும்பக் கணித்துவிடுவார்கள்.

இதை நான் கண்டுபிடித்ததும் அந்த ஆகஸ்டில்தான். மாஸ்டருக்குப் பதில் எழுதுவதற்காக ஜூனில் இறக்கி வைத்த கோப்பையும் புதிதாக இறக்கிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். கீழ் நடுத்தரக் குழுவின் 2005ஆம் ஆண்டுத் தொகை இரண்டிலும் வேறு வேறாக இருந்தது. முதலில் என் கணினியில்தான் ஏதோ பிழை என்று நினைத்தேன். 2004ஐப் பார்த்தேன், 1998ஐப் பார்த்தேன், எல்லாமே இறங்கியிருந்தன. 2005இல் நடந்து முடிந்த உற்பத்தி 2020 ஜூலையில் எப்படிக் குறையும்?

காரணம் இந்தோனேசியா. இலங்கை கீழே இறங்கிய அதே ஜூலையில் இந்தோனேசியா மேல் குழுவுக்கு ஏறியது. ஒரு ட்ரில்லியன் டொலருக்கு மேற்பட்ட பொருளாதாரம், 27 கோடி மக்கள். அது வெளியே போனதும் குழுவின் கடந்த காலம் முழுவதிலிருந்தும் அதைக் கழித்துவிட்டார்கள். நேபாளம் குறைந்த வருமானக் குழுவில் இருந்து ஏறி உள்ளே வந்தது. நாங்களும் வந்தோம். ஆனால் இந்தோனேசியா போன இடத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எப்படி நிரப்புவது? அடுத்த வருடம் இந்தோனேசியா திரும்ப இறங்கி வந்தது, குழுவின் பழைய வருடங்கள் எல்லாம் உயர்ந்தன. 2023இல் மறுபடி மேலே போனது.

இந்த முறையில் இன்னொரு பெரிய சிக்கலும் உண்டு. நன்றாக வளர்ந்த நாடு குழுவை விட்டுப் போய்விடும், போகும்போது தன் வளர்ச்சிக் கதையையும் எடுத்துக்கொண்டு போய்விடும். 1990களில் குறைந்த வருமான நாடுகளில் ஒன்றாக இருந்த சீனாவின் முப்பது வருட ஓட்டம் இன்று எந்தக் கீழ்க் குழுவின் கோட்டிலும் இல்லை. எஞ்சி நிற்பவரை மட்டும் வைத்துக் கோடு வரைந்துவிட்டு, "இந்தக் குழு நாடுகள் முப்பது வருடமாக மெதுவாகத்தான் வளர்ந்தன" என்று எழுதினால், ஒவ்வொரு வருடமும் வகுப்பேறிப் போன பிள்ளைகளை விட்டுவிட்டு, அதே வகுப்பில் இருப்பவர்களின் பழைய புள்ளிகளை மட்டும் கூட்டிப் பள்ளிக்கூடத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது போலாகும்.

அன்றிலிருந்து எங்கள் மேசையில் ஒரு பழக்கம் வைத்தோம். இறக்கும் ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் இறக்கிய திகதி இருக்க வேண்டும். படத்தின் அடியில் எந்த வருடத்து வகைப்படுத்தல் என்று எழுத வேண்டும். பக்கம் வடிவமைப்பவர், இடம் இல்லை என்று அந்த வரியைத்தான் முதலில் வெட்டப் பார்ப்பார். படத்தைச் சிறிதாக்குங்கள், அந்த வரி இருக்கட்டும் என்று எத்தனையோ இரவு அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

குழுவின் சராசரி எப்படி வருகிறது என்பதையும் மாஸ்டருக்கு ஒரு கடிதத்தில் கணக்காகவே எழுதினேன். சாதாரண வாசகருக்குச் சராசரி என்றால், எல்லா நாடுகளின் தலா தொகையையும் கூட்டி நாடுகளின் எண்ணிக்கையால் பிரிப்பது. அப்படி இல்லை. எல்லா நாட்டு உற்பத்தியையும் கூட்டி, எல்லா நாட்டு மக்கள்தொகையாலும் பிரிப்பார்கள். விளங்குவதற்காக முழு எண்ணில் எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 140 கோடிப் பேர், தலைக்கு 2,400 டொலர். இலங்கையில் 2 கோடியே 20 இலட்சம் பேர், தலைக்கு 3,800 டொலர். இரண்டு நாடுகள் மட்டும் உள்ள குழு என்றால், நாட்டுக் கணக்கில் சராசரி 3,100. ஆள் கணக்கில் வெறும் 2,422. இந்தியாவின் 2,400ஐ நாங்கள் 22 டொலர் உயர்த்தியிருக்கிறோம். ஏனென்றால் அங்கே 64 பேருக்கு இங்கே ஒருவர்.

உண்மையான குழுவில் பாகிஸ்தான், பங்களாதேஷ், நைஜீரியா, எகிப்து, பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று இன்னும் பலர் இருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். குழுவின் மொத்த உற்பத்தியில் இந்தியா மட்டும் கிட்டத்தட்ட அரைவாசி. இலங்கை நூற்றில் ஒரு பங்கை ஒட்டி. பிறகு இந்தியாவைக் கழித்துவிட்டுக் கணித்தேன். தலா தொகை பெரிதாக மாறவில்லை. இது நான் எதிர்பாராதது. மாறியது வளர்ச்சி வீதம். இந்தியா இல்லாமல் அந்த வருட வளர்ச்சி நன்றாகவே இறங்கியது. ஆகவே "கீழ் நடுத்தர வருமான நாடுகள் வேகமாக வளர்கின்றன, நாம் பின்தங்குகிறோம்" என்று யாராவது எழுதினால், அது பெரும்பாலும் இந்தியா வளர்கிறது என்பதைத்தான் சொல்கிறது. கானாவையும் கென்யாவையும் லாவோசையும் பற்றி அது அதிகம் சொல்வதில்லை.

இனி 2022க்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. மே, ஜூன் மாதங்களில் கொழும்பில் பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர்க் கணக்கில் நின்றன. முச்சக்கரவண்டிக்காரர் வண்டிக்குள்ளேயே படுத்தெழும்பினர். காஸ் சிலிண்டரைச் சங்கிலி போட்டு வரிசையில் கட்டி வைத்துவிட்டு ஆட்கள் வேலைக்குப் போனார்கள். நானும் காலி வீதியில் ஓர் இரவு முழுக்க நின்றிருக்கிறேன். பேப்பர்த் தட்டுப்பாட்டால் எங்கள் பக்கங்கள் குறைந்தன, இருந்தும் பொருளாதாரப் பக்கத்தை ஆசிரியர் நிறுத்தவில்லை. நெருக்கடியில் நாடு மற்றவர்களோடு பார்க்கும்போது எங்கே நிற்கிறது என்று ஒரு படம் போடச் சொன்னார்.

நான் வழக்கம்போலக் கணித்தேன். குழுவின் சராசரி 2,500 டொலர் அளவில். இலங்கையின் தொகை அந்த வருடத்துக்கு எப்படிக் கணித்தாலும் 3,000க்குக் கீழே போகவில்லை. பால்மா இல்லை, மருந்து இல்லை, பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. அட்டவணையிலோ நாங்கள் சராசரிக்கு மேலே.

கணக்குச் சரி. அதுதான் என்னை வதைத்தது. அந்தப் படத்தைப் போட்டால், வரிசையில் நிற்கிற ஒருவர் அதை வாசித்துவிட்டு, இதை எழுதியவனுக்கு என் நாட்டைத் தெரியாது என்று நினைப்பார். போடாவிட்டால், நான் எனக்குப் பிடிக்காத எண்ணை மறைத்தவன் ஆவேன். கடைசியில் படத்தைப் போட்டேன். ஆனால் குழுவைப் பக்கத்தில் நிறுத்தவில்லை. இலங்கையின் 2022ஐ இலங்கையின் 2018க்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அந்த ஒப்பீட்டில் வரிசை தெரிந்தது, வெறும் அலுமாரிகள் தெரிந்தன.

டொலரில் ஒப்பிடுவதில் இன்னொரு பொறியும் அந்த நாட்களில் எனக்கு வெளிச்சமானது. 2021 செப்டம்பரில் இருந்து 2022 மார்ச் முதல் வாரம் வரை டொலரை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைத்திருந்தார்கள். வங்கியில் அந்த விலை. உண்டியல்காரர் கொடுத்த விலையோ அதைவிட நன்றாகக் கூட. ரூபாயில் இருக்கும் உற்பத்தியை எந்த விலையால் பிரிப்பது? உத்தியோகபூர்வ விலையால் பிரித்தால் நாடு இருந்ததைவிடப் பணக்கார நாடாகத் தெரியும். பிடியை விட்டதும் மே மாதத்தில் டொலர் 360 ஆனது. அதற்காக நாட்டின் வயலும் தொழிற்சாலையும் இரண்டு மாதத்தில் பாதியாகிவிடவில்லை. இந்தத் துள்ளலைத் தணிக்கத்தான் உலக வங்கி வகைப்படுத்தும்போது மூன்று வருட நாணயமாற்று வீதத்தைச் சராசரியாக்கி, விலைவாசி வித்தியாசத்துக்கும் திருத்திக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதனாலேயே ஒரு நாட்டின் வீழ்ச்சி அந்த அளவுகோலில் பிந்தியும் மெலிந்தும்தான் தெரியும்.

வகுக்கும் எண்ணையும் கவனிக்க வேண்டும். 2024 குடிசன மதிப்பீட்டில் இலங்கையின் மக்கள்தொகை 2 கோடியே 17 இலட்சத்து 63 ஆயிரம் என்று வந்தது. அதற்கு முன் நாங்கள் 2 கோடியே 20 இலட்சத்துக்கு மேல் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஆட்கள் நினைத்ததைவிடக் குறைவு, ஆகவே தலா தொகை கூடும். வெளிநாடு போனவர்களால் கூடிய தலா வருமானத்தை முன்னேற்றம் என்று தலைப்பில் போட எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாடு போனவர்கள் அனுப்பும் காசைப் பற்றியும் எங்கள் வாசகர் அடிக்கடி கேட்பார்கள், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடு நிற்பது அந்தக் காசில். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் தாயும் கனடாவில் இருக்கும் மகனும் அனுப்புவதை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேர்க்கமாட்டார்கள், உற்பத்தி இங்கே நடக்கவில்லையே. வருடக்கணக்காக அங்கே வாழ்பவர் அனுப்புவது தேசிய வருமானத்திலும் வராது, அது மாற்றல் என்று வேறாக நிற்கும். 2022இல் வங்கி வழியாக வந்தது 3.8 பில்லியன் டொலர் அளவு. 2024இல் 6.6 பில்லியன். ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தெரியும் வித்தியாசம், எங்கள் தூணின் உயரத்தில் நேரடியாகத் தெரியாது.

கணக்கெடுக்கும் முறை மாறினாலும் குழு மாறும். கானா 2010இல் தன் அடிப்படை ஆண்டைப் புதுப்பித்தபோது பொருளாதாரம் சுமார் 60 சதவீதம் பெரிதாகி, குறைந்த வருமான எல்லையைத் தாண்டியது. நைஜீரியா 2014இல் அதையே செய்தபோது 89 சதவீதம் கூடி, ஒரே நாளில் தென்னாபிரிக்காவை முந்தியது. அதுவரை கணக்கில் வராத தொலைபேசித் தொழிலும் சினிமாத் தொழிலும் கணக்கில் வந்தன. மக்கள் முன்பே செய்துகொண்டிருந்த வேலை, கணக்கெடுப்பவர் கண்ணில் அன்றுதான் பட்டது.

இவ்வளவும் தெரிந்த பிறகு குழு ஒப்பீட்டை நான் கைவிட்டேனா என்றால், இல்லை. குழுவின் பெயருக்கு விலை உண்டு. மலிவு வட்டிக் கடன் யாருக்கு என்று தீர்மானிப்பதில் தலா வருமானமும் ஒரு படி. உலக வங்கியின் சலுகைக் கடன் பிரிவான சர்வதேச அபிவிருத்திச் சங்கத்தில் இருந்து இலங்கை 2017இல் வெளியேறியது. நெருக்கடிக்குப் பிறகு 2022 டிசம்பரில் திரும்ப உள்ளே எடுக்கப்பட்டது. அப்படி ஒரு வாசல் திறப்பதும் மூடுவதும் பாடசாலைக் கட்டடத்தையும் வைத்தியசாலையையும் தொடும் காரியம். வாசகருக்கு அது தெரிய வேண்டும். ஆனால் குழு என்பது கடன் கொடுப்பவர் தன் வசதிக்குக் கட்டிய அறை. அந்த அறையில் கூட இருப்பவர்களின் சராசரி உயரத்தை வைத்து எங்கள் உடல்நலத்தைச் சொல்ல முடியாது.

இப்போது நான் முதலில் தேடுவது பெயருள்ள நாடுகளை. வியட்நாம் 1990இல் தலா உற்பத்தியில் எங்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2022இல் எங்களைத் தாண்டி நின்றது. பங்களாதேஷ் 2015 ஜூலையில்தான் கீழ் நடுத்தரக் குழுவுக்குள்ளேயே வந்தது. 2021இல் எங்களுக்கு 200 மில்லியன் டொலர் கைமாற்றுத் தந்தது. இந்த இரண்டு பெயரையும் போட்டால் வாசகர் அடுத்த கேள்வியைத் தானே கேட்பார்: அவர்கள் என்ன ஏற்றுமதி செய்தார்கள், யார் வேலைக்குப் போனார்கள், கடனை எதில் போட்டார்கள்? குழுவின் கோட்டைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோடு தைக்கவும் மாட்டாது, ஏற்றுமதி செய்யவும் மாட்டாது.

மாஸ்டர் 2023இன் கடைசியில் காலமானார். அதுவரை மாதத்துக்கு ஒரு கடிதமாவது வரும். கடைசியாக வந்ததில் ஒரு பெருக்கல் பிழையைச் சுட்டிக் காட்டியிருந்தார். அடுத்த ஞாயிறு அதைத் திருத்திப் போட்டோம்.

போன ஜூலை முதலாம் திகதி வகைப்படுத்தல் வந்த இரவு, எங்கள் மேசையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை படம் போட்டாள். பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்தவள், என்னைவிட வேகமானவள். கீழ் நடுத்தரக் குழுவின் வளர்ச்சியையும் இலங்கையின் வளர்ச்சியையும் இரண்டு கோடாக வரைந்து கொண்டுவந்தாள். நான் லாச்சியைத் திறந்து, நூலகம் கழித்துவிட்டபோது எடுத்து வைத்த பழைய அபிவிருத்தி அறிக்கையின் பின்பக்கத்தை விரித்து அந்த வரியைக் காட்டினேன்.

"சீனா, இந்தியா நீங்கலாக," என்று வாசித்தாள். "இப்ப இறக்கிற கோப்பில இப்பிடி ஒரு வரி இல்லையே ஐயா?"

"இல்லைப் பிள்ளை. நாங்கள்தான் கணிக்க வேணும்."

அவள் திரும்பிப் போய் நாற்பத்தைந்து நிமிடம் இருந்தாள். ஒவ்வொரு நாடாக இறக்கி, இந்தியாவைக் கழித்து, மூன்றாவது கோடொன்றைப் புள்ளிக்கோடாகப் போட்டு, கீழே அங்கத்தவர் பெயரை எல்லாம் சிறிய எழுத்தில் வரிசையாக எழுதியிருந்தாள். பக்கம் வடிவமைப்பவர் வந்து, பெயர்ப் பட்டியலுக்கு இடமில்லை, படத்தைச் சிறிதாக்கவா என்று கேட்டார். ஓம் என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.